காலைப் பனியில் வண்டி கிளம்பவில்லையா? முதலில் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலையில் பனி இறங்கிவிட்டது. ஊட்டியை ஒட்டிய தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் உங்கள் நாளிதழிலும் வர ஆரம்பித்துவிட்டன. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது அழகு. இங்கே பழைய டீசல் வண்டியை வைத்துப் பிழைக்கிற எங்களுக்கு அதே பனிதான் வருஷத்தின் பெரிய செலவு. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு நோயாளியைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், இல்லையென்றால் ஏர்போர்ட் சவாரி இருக்கும், அந்த நேரம் பார்த்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பிடித்தாலும் வெள்ளைப் புகை தெருவை மூடுகிறது, கொஞ்ச நேரம் குலுங்கி மிஸ்ஸிங் அடித்து அப்புறம்தான் சீராகிறது. இந்த ஒரு கோளாறுக்காக ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் டிரைவர்கள் கடன் வாங்கிக் கொட்டுகிற பணத்தைப் பார்த்து மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிடும், இடம் கொடுத்து முழுசாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று எத்தனையோ கார்களில் வந்த அதே எஞ்சின்தான். 2020இல் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, ஆனாலும் இன்றைக்கும் மலை டாக்ஸி ஸ்டாண்டுகளில் நிற்கும் பழைய வண்டிகளில் இந்த எஞ்சினைப் பார்க்கலாம். நல்ல எஞ்சின், மைலேஜும் தரும், பார்ட்ஸும் தாராளமாகக் கிடைக்கும்.

போன குளிர்காலத்தில் எனக்கு இந்தக் காலைத் தொல்லை ஆரம்பித்தது. கீழே சமவெளியில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டேன். அவர்கள் பார்த்தது மதியம், நல்ல வெயிலில். சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. ஆகாமல் என்ன செய்யும்? அப்படியும் மறுநாள் எஸ்டிமேட் வந்தது. டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி சர்வீஸ், புது பேட்டரி, செல்ஃப் மோட்டார் ஓவர்ஹால், லேபரோடு சேர்த்து 31,000 ரூபாய் சொச்சம். ஏன் இந்த மூன்றும் என்று கேட்டேன். "காலையில ஸ்டார்ட் ஆகலைன்னா இதுல ஏதோ ஒண்ணாதான் சார் இருக்கும், மூணையும் பாத்துட்டா பிரச்சனை முடிஞ்சிரும்" என்றார் அங்கே இருந்தவர். குளிரில் எஞ்சின் பற்றிக்கொள்ளச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்கை அளந்து பார்த்தீர்களா என்றால், "அதெல்லாம் பழைய இண்டிகாவுக்குத்தான் சார், இந்த காமன் ரெயில் எஞ்சினுக்கு ஹீட்டர் பெரிய விஷயமே இல்லை" என்று முடித்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் இதில் சிக்கல், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி பொறி வைக்கும் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று நசுக்குகிறது, நசுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. இது எஞ்சின் சூடாக இருக்கும்போது. ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற எஞ்சினில், சில்லென்ற எவர்சில்வர் டம்ளரில் டீயை ஊற்றியதும் டம்ளர் பாதிச் சூட்டை வாங்கிக்கொள்வது போல, எஞ்சினின் இரும்பு உடம்பான ஹெட்டும் பிளாக்கும் அந்தக் காற்றின் சூட்டை இழுத்துக்கொள்ளும். போதாததற்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றே மெல்லியது, நசுக்க அகப்படுவதே குறைச்சல். அந்த நேரத்துக்குத்தான் சிலிண்டருக்கு ஒன்று வீதம் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். பென்சில் மாதிரி ஒல்லியான கம்பி, முனை சில நொடியில் 800 டிகிரியைத் தாண்டிச் சிவக்கும்.

பழைய அம்பாசடர் டீசல், பழைய இண்டிகா இவற்றில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் எரிந்து அப்புறம் சிலிண்டருக்கு வரும். அந்த அறையில் சூடு நிறைய வீணாவதால் சென்னையிலேயே ஹீட்டர் இல்லாமல் கிளப்புவது கஷ்டம். காமன் ரெயில் என்கிற புது எஞ்சின்களில் டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் பாய்கிறது, ஆகவே சமவெளியில் நாலு பிளக்கும் செத்திருந்தாலும் வண்டி கிளம்பிவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒர்க் ஷாப் ஆட்கள் பார்ப்பது அந்த வண்டிகளைத்தான். ஜனவரியில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் ஊட்டியில் கிளப்ப வேண்டிய வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது.

எனக்கு வழி சொன்னவர் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி மேட்டுப்பாளையத்தில் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். போனிலேயே கேட்டார்.

"தம்பி, செல்ஃப் அடிக்கறப்ப பின்னால புகை வருதா?"

"வருதுங்கண்ணா, வெள்ளையா."

"அப்பன்னா டீசல் உள்ள போயிருச்சு, பத்தத்தான் மாட்டேங்குது. மொதல்ல ஹீட்டரப் பாரு. புகையே வரலைன்னாதான் டீசல் லைனப் பாக்கோணும்."

இந்த ஒரு கேள்வியை அந்த ஒர்க் ஷாப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களால் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் மதியம் இரண்டு மணிக்கு அந்தப் புகை வராது. இதுதான் நான் சொல்ல வருவது. இந்தக் கோளாறு விடியற்காலையில் மட்டும், குளிரில் மட்டும் தலைகாட்டுகிறது. அந்த நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது நாம்தான், மெக்கானிக் அல்ல. அதனால் அளந்து பார்க்கிற வேலையை நாமே செய்துவிட வேண்டும்.

அளப்பதற்குத் தேவை ஒரு மல்டிமீட்டர், எலக்ட்ரிகல் கடையில் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவி போடுவதற்கு முன் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பேட்டரி பரவாயில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் சந்தேகம், ஹீட்டரை விடுங்கள். பேட்டரி சரி என்றால் அடுத்து பிளக். அதன் தலையில் இருக்கும் வயரை எடுத்துவிட்டு மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் தலையிலும் இன்னொன்றை எஞ்சினில் சுத்தமான இரும்பிலும் தொடுங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அக்கம்பக்கம் காட்டும். செத்த பிளக்கில் மீட்டர் எதுவும் காட்டாது, உள்ளே கம்பி அறுந்திருக்கும். இதற்குக் கழற்றவே வேண்டாம் என்பது முக்கியம். என் வண்டியில் நாலில் இரண்டு செத்திருந்தன.

நாலும் நல்ல கணக்கு காட்டி, ஆனாலும் காலையில் தொல்லை என்றால், வயரில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். அதையும் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்க வேண்டும், எஞ்சின் சூடாக இருந்தால் வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர், ஹீட்டருக்குக் கரண்டே கொடுக்காது. வரவில்லையென்றால் ரிலே அல்லது ஃப்யூஸ். போர்டில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணைகிறதே என்று சிலர் கேட்பார்கள். பல வண்டிகளில் அந்த விளக்குக்கும் பிளக் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை, அது நேரக் கணக்கில் எரிந்து அணைவதுதான். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்ணைப் படிக்கும் ஓபிடி ரீடர் வைத்திருப்பவர்கள் பி0671 முதல் பி0674 வரை ஏதாவது வருகிறதா என்று பார்க்கலாம், கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும். எல்லா வண்டியிலும் இந்த வசதி இருக்காது, மீட்டர் எல்லாவற்றுக்கும் பொது.

இனி மாற்றுகிற வேலை. இதில் நிதானம் வேண்டும், அவசரப்பட்டால் மூவாயிரத்தில் முடிவது முப்பதாயிரத்தில் போய் நிற்கும். பிளக் ஒல்லி, வருஷக் கணக்கில் கரி பிடித்து ஹெட்டோடு ஒட்டிக் கிடக்கும், முறுக்கினால் கழுத்தோடு ஒடிந்து முனை உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்புறம் அதை எடுக்க அதற்கென்று டூல் வைத்திருக்கிறவரைத் தேட வேண்டும், இல்லையென்றால் ஹெட்டை இறக்க வேண்டும். அதனால் முதல் நாள் சாயங்காலமே பிளக்கைச் சுற்றித் தூசியை ஊதிவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ராத்திரி ஊற விட்டேன். காலையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி, பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, வயரின் பிளாஸ்டிக் தொப்பிகளை மெதுவாக எடுத்தேன். சூட்டில் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், பிடித்து இழுத்தால் நொறுங்கிவிடும். நீள பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு, அது பிளக்கின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சின்ன ராட்செட்டில் மெல்ல.

முதல் மூன்றும் லேசாக ஒரு கிறீச் சத்தத்தோடு இளகி வந்தன. நாலாவது அசையவில்லை. அங்கேதான் கை இன்னும் கொஞ்சம் பலம் கொடு என்று சொல்லும், கொடுக்கவே கூடாது. திரும்ப ஸ்பிரே, திரும்ப சூடு, கால் சுற்று பின்னால் வந்தால் அரைக்கால் சுற்று முன்னால் என்று ஆட்டி ஆட்டித்தான் அதை எடுத்தேன். அப்படியும் வரவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் அந்த ஒன்றுக்கு மட்டும் போவதுதான் சரி. மீதி மூன்று புதுசாக இருக்கும்போது வண்டி நிச்சயம் முன்னைவிட நன்றாகக் கிளம்பும், அவசரம் ஒன்றும் இல்லை. வெளியே வந்த நாலையும் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. நல்ல இரண்டின் முனையும் கரியப்பி ஆனால் ஒரே கனமாக இருந்தன, செத்த ஒன்றில் முனை வீங்கி ஓரத்தில் வெடித்திருந்தது.

புதுசை முதலில் விரலாலேயே மரையில் ஏற்ற வேண்டும், கோணலாக ஏறினால் ஹெட்டின் மரை போய்விடும். கடைசி இறுக்கு, எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில். 8 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக்குக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான், அது உண்மையிலேயே கொஞ்சம்தான். உங்கள் பிளக்குக்கு எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதையே வையுங்கள். நாலையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது, ஒரே வயசு, மீதியும் சீக்கிரம் போகும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பிளக் ஒன்று 700 ரூபாய் சொச்சம், நாலும் சேர்த்து மூவாயிரத்துக்குள். ஸ்பிரே, நீள பாக்ஸ் ஸ்பேனர், மீட்டர் எல்லாம் வாங்கியும் நாலாயிரத்தைத் தாண்டவில்லை. டார்க் ரென்ச் அந்த மேட்டுப்பாளையத்து அண்ணனுடையது. அடுத்த நாள் விடியற்காலையில் சுருள் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினேன், எஞ்சின் உடனே பிடித்தது. அதே பேட்டரி, அதே செல்ஃப், அதே இன்ஜெக்டர்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். போலி நிறைய வருகிறது, அச்சு அசல் பிராண்டு டப்பாவிலேயே. அதனால் கோயம்புத்தூரானாலும் சென்னை ஜி.பி. ரோடானாலும் பில் போட்டுக் கொடுக்கும் கடையில், வண்டியின் சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். இன்னொன்று வோல்ட். பழைய மெக்கானிக்குகள் பிளக்கைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். 11, 12 வோல்ட் பிளக்குக்கு அது சரி. இப்போது 4.4 வோல்ட், 5 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகள் வந்துவிட்டன. அவற்றை அப்படி வைத்தால் அங்கேயே எரிந்துபோகும், நல்ல பிளக்கை நாமே கொன்ற மாதிரி ஆகும். வோல்ட் பிளக்கின் உடம்பிலேயே பொறித்திருக்கும், படித்துவிட்டுத் தொடுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் எல்லாவற்றையும் தானே கழற்றலாம் என்று இறங்கிவிடக் கூடாது, அதையும் அழுத்திச் சொல்கிறேன். பழைய ஜீப், அம்பாசடர் காலத்தில் நாசில் பைப்பை லூஸ் பண்ணி டீசல் லைனில் சிக்கிய ஏர் எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் காமன் ரெயில் பைப்பில் கை வைக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது அதில் டீசல் 1,600 பார் வரைக்கும் அழுத்தத்தில் நிற்கிறது, ஊசி முனை அளவு கசிந்தாலே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். இன்ஜெக்டர் மாற்றினால் பல வண்டிகளில் அதன் அடையாள நம்பரை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அதுவும் நம் வேலையல்ல. அதற்கெல்லாம் நல்ல மெக்கானிக்குக்குப் பணம் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. அளக்காமல் அனுமானத்தில் போடும் எஸ்டிமேட்டுக்குக் கொடுப்பதில்தான் வருத்தம். வண்டியின் மாதத் தவணையோடு பள்ளிக்கூட ஃபீஸும் சேர்ந்து வருகிற ஒரு டிரைவருக்கு 31,000 என்பது சாதாரணத் தொகையா?

இது எங்கள் ஊர்ப் பிரச்சனை மட்டுமல்ல. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் தகவல்களையும் டூல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். மேல்முறையீடு என்று அது இழுத்துக்கொண்டே போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியது, வாகனங்களும் அதில் அடக்கம். நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு டிரைவருக்குத் தன் வண்டியின் ஹீட்டர் பிளக் எத்தனை வோல்ட், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது தமிழில் ஒரு தாளில் கிடைத்தால் அதைவிடப் பெரிய உதவி இருக்காது.

ஒர்க் ஷாப்காரர்களிடம் கேட்பது இதுதான்: ஸ்டார்டிங் தொல்லை என்று வருகிற டீசல் வண்டிக்கு எஸ்டிமேட் போடுவதற்கு முன் நாலு ஹீட்டர் பிளக்கின் ஓம் கணக்கையும் பேட்டரி வோல்ட்டையும் அளந்து அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள், மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்காமலே கையில் கொடுங்கள். மலை வண்டி என்றால் ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து, விடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஐடிஐகளில் டீசல் மெக்கானிக் படிப்பு சொல்லித் தருகிறார்கள், வாத்தியார், எஞ்சின், டூல் எல்லாம் அங்கே தயாராக இருக்கிறது. பனி தொடங்குவதற்கு முன், ஐப்பசியில், சனிக்கிழமைகளில் டிரைவர்களுக்கென்று அரை நாள் வகுப்பு வைத்தால் போதும். மீட்டர் பிடிப்பது, ஹீட்டர் பிளக்கை ஒடிக்காமல் எடுப்பது, போலியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, எதைத் தொடக் கூடாது என்பது, இவ்வளவுதான் பாடம். நாங்கள் காசு கொடுத்தே வருகிறோம். நீலகிரி மாவட்ட நிர்வாகம் இதைக் கவனிக்க வேண்டும். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை டிரைவர்களுக்கும் இதே தேவை இருக்கும்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
கோத்தகிரி